‘பாதுகாப்பான நகரம்’ பட்டியல் போடும் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழில் வரும் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள், இணைய இதழ்கள் எல்லாவற்றின் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரு பட்டியல் போடுகிறீர்கள். எந்த நகரம் பாதுகாப்பானது, எது ஆபத்தானது, எந்த மாநிலத்துக்கு எத்தனையாவது இடம். அந்தப் பட்டியலை இனிமேல் போடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அது தப்பான செய்தி என்பதோடு முடியவில்லை. காவல் நிலையத்துக்குப் புகாரோடு போகிறவர்களை அது நேரடியாகப் பாதிக்கிறது.

2023-ம் ஆண்டுக்கான அறிக்கை 2025 செப்டம்பர் இறுதியில் வந்தது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 பெருநகரங்களை அதில் தனியாக எடுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்குகள் என்று கணக்கிட்டிருந்தார்கள். கொச்சிக்கு 3,192.4. டெல்லிக்கு 2,105.3. கொல்கத்தாவுக்கு 83.9. உடனே கொல்கத்தா நாட்டிலேயே பாதுகாப்பான நகரம் ஆனது, கொச்சி குற்றத் தலைநகரம் ஆனது.

83.9-ஐ 3,192.4-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 38 மடங்கு வித்தியாசம். கொச்சிக்குப் போய் வந்தவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே பலர் இருப்பார்கள். கொல்கத்தாவைவிட 38 மடங்கு பயத்தோடு மக்கள் வாழும் ஊரா அது? மரைன் டிரைவில் சாயங்காலம் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி ஒரு அட்டவணையில் வந்தால், ஊர்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் அளந்த முறைமேல் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகத்தை எழுப்புவதுதானே உங்கள் தொழில்?

அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு. மேலே வழக்குகள், கீழே மக்கள்தொகை. முதலில் கீழே இருப்பதைப் பார்ப்போம்.

நகரங்களுக்கு இன்றுவரை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கப்புறம் கணக்கெடுப்பே நடக்காததால் வேறு வழியும் இல்லை. 2011-க்குப் பிறகு வேகமாகப் பெருத்த பெங்களூரு போன்ற நகரத்துக்கும், அவ்வளவாக வளராத நகரத்துக்கும் 2011-ன் பழைய எண்தான். இது ஒரு பக்கம் இருக்கட்டும். கொல்கத்தாவுக்கு எடுத்துக்கொண்ட மக்கள்தொகை 141 லட்சம். கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் 2011-ல் இருந்தவர்கள் சுமார் 45 லட்சம் பேர்தான். மீதி எங்கிருந்து வந்தது? ஹவுரா, பிதான்நகர், பாரக்பூர் என்று சுற்றியிருக்கும் பெரிய நகர்ப்பகுதி முழுவதையும் சேர்த்து வந்தது. அந்தப் பகுதிகளுக்குத் தனித்தனி போலீஸ் கமிஷனர் அலுவலகங்கள் இருக்கின்றன. மேலே இருக்கும் வழக்குகளும் இந்த 141 லட்சம் பேர் வாழும் பரப்பு முழுவதிலிருந்தும் எடுத்தவையா, இல்லை கொல்கத்தா போலீஸ் எல்லைக்குள் பதிவானவை மட்டுமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்காமல் ‘பாதுகாப்பான நகரம்’ என்று அச்சேற்றக் கூடாது.

நம்மூரிலும் இதே கேள்வி உண்டு. 2022 ஜனவரியில் சென்னை மாநகர போலீஸிலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனித்தனி கமிஷனரேட்டாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்து ‘சென்னையில் குற்றம் குறைந்தது’ என்றோ ‘கூடியது’ என்றோ எழுதும்போது, எந்தச் சென்னையைச் சொல்கிறோம் என்று ஒரு வரியாவது வாசகருக்குச் சொல்ல வேண்டாமா?

ஊருக்கு வந்து போகிறவர்களும் கணக்கில் இல்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பர்ஸ் பறிகொடுப்பவர் செங்கல்பட்டிலிருந்து வந்தவராக இருப்பார், ஆந்திராவிலிருந்து வந்தவராக இருப்பார். வழக்கு தி.நகரில் ஏறும். வகுக்கும்போது சென்னையில் குடியிருப்பவர்களை வைத்துத்தான் வகுப்பார்கள். சுற்றுலாத் தலம், கோயில் ஊர், பெரிய பேருந்து நிலையம் இருக்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, மேலே இருக்கும் எண்ணுக்கு வருகிறேன். முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

காப்பகம் எண்ணுவது குற்றங்களை என்று நினைக்கிறோம். அது எண்ணுவது எஃப்.ஐ.ஆர்.களை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் பெரிய குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கொள்ளையடிக்க வந்து கொலையும் செய்திருந்தால் கொலைக் கணக்கில் ஒன்று ஏறும், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆரே போடவில்லை என்றால் காப்பகத்தைப் பொறுத்தவரை அன்றைக்கு அந்தத் தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை.

எங்கள் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்க வேலைகளைப் பார்ப்பதால், புகார் மனு எழுதித் தரச் சொல்லி அக்கம்பக்கத்தவர்கள் என்னிடம் வருவது வழக்கம். கூடவே ஸ்டேஷனுக்கும் போய் வருவேன். அப்படி ஒருமுறை, தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தங்கையோடு போனேன். இரவு டவுன் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தவரின் கையிலிருந்த செல்போனை பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இழுத்த வேகத்தில் கீழே விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. மனுவில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தோம். ஸ்டேஷன் ரைட்டர் அதைப் படித்துவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார். “வண்டி நம்பர் பார்த்தியாம்மா?” பார்க்கவில்லை. “பறிச்சாங்கன்னு எழுதினா கேஸ் ஆயிடும். ஆள் கிடைச்சா நீ கோர்ட்டுக்கு அலையணும், லீவு போடணும். தவறவிட்டேன்னு எழுதிக் கொடு. ஐ.எம்.இ.ஐ. நம்பர் போட்டு தேடித் தரோம்.” அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சட்டம் பேசிப் பார்த்தேன். ரைட்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், முடிவு மாறவில்லை. கடைசியில் புது வெள்ளைத்தாளில் ‘பேருந்தில் வரும்போது எங்கோ தவறவிட்டுவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. முழங்கைச் சிராய்ப்பு எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அந்த ஆண்டு அந்த ஸ்டேஷனின் வழிப்பறிக் கணக்கில் ஒன்று குறைந்தது.

சி.எஸ்.ஆர். என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல். புகார் வந்தது என்பதற்கான ரசீது அது, வழக்கு ஆகாது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். விதிவிலக்காகச் சில வகை வழக்குகளில் மட்டும் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் ‘சி.எஸ்.ஆர். போட்டாச்சு, போங்க’ என்பது நின்றபாடில்லை.

அந்த ரைட்டரைக் குற்றம் சொல்லி நான் இதை எழுதவில்லை. பின்னொரு நாள் வேறொரு காவல்துறை நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் விளக்கினார். மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். போன மாதம் உன் ஸ்டேஷனில் எத்தனை வழிப்பறி, இந்த மாதம் எத்தனை, ஏன் கூடியது, எத்தனை கண்டுபிடித்தாய் என்று நிற்கவைத்துக் கேட்பார்கள். ஆள் யாரென்றே தெரியாத ஒரு பறிப்பு வழக்கை எழுதினால், கூடிய கணக்கிலும் அது சேரும், கண்டுபிடிக்காத கணக்கிலும் சேரும். எழுதாத இன்ஸ்பெக்டர் நல்ல இன்ஸ்பெக்டர் ஆகிவிடுகிறார்.

மேலதிகாரிக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? நீங்கள் தலைப்பு போடுவீர்கள் என்பதால். ‘வழிப்பறியில் மாநிலத்தில் முதலிடம்’ என்று ஒரு மாவட்டத்தின் பெயர் வந்துவிட்டால், மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் அறிக்கை விடுவார், சட்டமன்றத்தில் கேள்வி வரும், கோட்டையிலிருந்து எஸ்.பி.க்குப் போன் வரும், எஸ்.பி.யிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு, இன்ஸ்பெக்டரிடமிருந்து ரைட்டருக்கு. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் இந்தச் சங்கிலி மாறுவதில்லை. சங்கிலியின் ஒரு முனையில் உங்கள் பட்டியல் இருக்கிறது, இன்னொரு முனையில் அந்தப் பெண்ணின் வெள்ளைத்தாள் இருக்கிறது. ஊருக்கு ஊர் குற்ற விகிதம் ஏன் மாறுபடுகிறது என்று விளக்கக் கட்டுரை போடுகிறீர்களே, அந்தக் காரணங்களில் நீங்களும் ஒன்று.

பதிவு மாறினால் ‘குற்றம்’ எப்படி மாறும் என்பதற்கு டெல்லியைவிட நல்ல சான்று கிடையாது. 2013-ல் டெல்லியில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 80 ஆயிரம் வழக்குகள். 2014-ல் 1 லட்சத்து 55 ஆயிரம். ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு. டெல்லிக்காரர்கள் ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு கெட்டுப்போய்விடவில்லை. வரும் புகார்களை உள்ளபடி பதியச் சொன்னதுதான் காரணம் என்று டெல்லி போலீஸே சொன்னது. 2015-ல் வாகனத் திருட்டுக்கு ஸ்டேஷன் படி ஏறாமலே இணையத்தில் எஃப்.ஐ.ஆர். போடும் வசதியும் வந்தது. எண் இன்னும் ஏறியது. கொலை வழக்குகளோ அந்த ஆண்டுகளில் 500-க்கும் 600-க்கும் இடையிலேயே நின்றன.

அதற்குச் சற்று முன்னால், 2012 டிசம்பரில் டெல்லி பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு என்ன ஆனது? 2012-ல் டெல்லியில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 706. 2013-ல் 1,636. சட்டம் திருத்தப்பட்டு குற்றத்தின் வரையறை விரிந்தது; புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை என்ற பிரிவு வந்தது; நாடு முழுவதும் மக்கள் தெருவுக்கு வந்ததால் வாய் மூடியிருந்த பல பெண்களுக்குப் புகார் கொடுக்கத் துணிவு வந்தது. அந்த ஆண்டின் எண்ணை எடுத்து ‘பெண்களுக்கு எதிரான குற்றம் டெல்லியில் இரு மடங்கானது’ என்று போட்டால், துணிந்து வந்த அந்தப் பெண்களையே ஊரின் களங்கமாகக் காட்டியதாகிவிடும்.

எதிர்ப்பக்கச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2019-ல் தமிழ்நாட்டின் மொத்தக் குற்ற விகிதம் லட்சத்துக்கு 600. 2020-ல் 1,808. மூன்று மடங்கு! ஊரடங்கில் தெருவே காலியாகக் கிடந்த ஆண்டு அது. முகக்கவசம் போடவில்லை, காரணமின்றி வண்டியில் சுற்றினார் என்று போட்ட வழக்குகள்தான் அந்த ஏற்றம். அரசு உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவின்கீழ் நாடு முழுவதும் 2019-ல் 29,469 வழக்குகள், 2020-ல் 6,12,179. கொலை அதே காலத்தில் 28,915-லிருந்து 29,193 ஆனது, அதாவது ஒரு விழுக்காடு. ‘குற்றங்கள் 28 சதவீதம் அதிகரிப்பு’ என்ற தலைப்பை அந்த ஆண்டு படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

கொச்சியின் எண்ணும் இந்த வகைதான். வண்டியைத் தாறுமாறாக ஓட்டினால், பொது இடத்தில் குடித்தால், கேரளத்தில் கேஸ் எழுதுகிறார்கள். மற்ற பல மாநிலங்களில் ஒரு அதட்டலோடு முடிந்துபோகும் விஷயங்கள் அங்கே காகிதத்தில் ஏறுகின்றன. மக்களும் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குவது குறைவு. இதைப் படிக்கும்போது அமர்த்தியா சென் உடல்நலம் பற்றிச் சொன்னது நினைவுக்கு வருகிறது. ‘உங்களுக்கு நோய் உண்டா’ என்று கேட்டால் இந்தியாவில் மிக அதிகமாக ‘உண்டு’ என்று சொல்கிறவர்கள் கேரளத்துக்காரர்கள். மிகக் குறைவாகச் சொல்கிறவர்கள் பீகார்க்காரர்கள். ஆயுட்காலமோ பீகாரைவிடக் கேரளத்தில்தான் அதிகம். படித்து, மருத்துவமனைக்குப் போய்ப் பழகியவர்களுக்குத்தான் தமக்கு நோய் இருப்பது தெரிகிறது, அதைச் சொல்லவும் செய்கிறார்கள். புகாரும் அப்படித்தான்.

இப்போது தமிழ்நாட்டுக்காரராக எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். 2022-ல் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் விகிதம், ஒரு லட்சம் பெண்களுக்கு, தமிழ்நாட்டில் 24. கேரளத்தில் 82. நாட்டின் சராசரி 66.4. ‘பெண்களுக்குப் பாதுகாப்பான மாநிலம்’ என்று மேடைகளில் பேசுவதும், நீங்கள் அதை அப்படியே தலைப்பாக்குவதும் இந்த 24-ஐ வைத்துத்தான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு அரசுக் கணக்கை வையுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21. அதில் கணக்கெடுப்பவர் வீட்டுக்கே போய், பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, கணவன் அடித்ததுண்டா, உதைத்ததுண்டா, கட்டாயப்படுத்தியதுண்டா என்று கேட்கிறார். திருமணமான 18 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. நாட்டின் சராசரி 29.3. கேரளத்தில் 9.9.

மெதுவாக இன்னொருமுறை படியுங்கள். வீட்டில் போய்க் கேட்டால் தமிழ்நாட்டுப் பெண்கள் கேரளப் பெண்களைப்போல் நான்கு மடங்கு அடி வாங்குகிறார்கள். ஸ்டேஷன் கணக்கைக் கேட்டால் கேரளத்தில் வழக்கு மூன்று மடங்குக்கு மேல். இரண்டு கணக்கும் ஒரே பொருளை அளக்கவில்லைதான்; காப்பகத்தின் எண்ணில் கடத்தல், தெருவில் நடக்கும் சீண்டல் எல்லாம் அடங்கும். ஆனாலும் கணவனும் கணவன் வீட்டாரும் செய்யும் கொடுமை அந்தக் கணக்கில் பெரிய பங்கு வகிப்பது. இந்த அளவுக்குத் தலைகீழாக இருந்தால் நடுவில் எங்கேயோ பெண்களின் குரல் நின்றுபோகிறது என்றுதானே பொருள்?

எங்கே நிற்கிறது? பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடு என்றும், 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாய் திறந்ததே இல்லை என்றும் அதே ஆய்வு நாடு முழுமைக்கும் சொல்கிறது. துணிந்து மகளிர் காவல் நிலையம்வரை வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததில்லை. தமிழ்நாட்டில் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அமைப்பு அது. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் புருஷனைக் கூப்பிட்டு வைத்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்காரவைத்து, ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி, ‘குழந்தைங்க முகத்தைப் பார்த்துப் போம்மா’ என்று அனுப்புவது அங்கே அன்றாடம் நடக்கிறது. சில பெண்கள் விரும்புவதும் அதைத்தான், மறுக்கவில்லை. அந்த 24-க்குள் இப்படிப் பேசி முடித்தவை எதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ‘பாதுகாப்பு’ என்று எழுதாதீர்கள். எழுதும்போது, அடி வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ‘உன்னைப்போல் இங்கே யாரும் இல்லை’ என்று சொல்வதாக ஆகிறது.

நாகாலாந்து இன்னும் துலக்கமான உதாரணம். 2022-ல் அந்த மாநிலம் முழுவதிலும் பெண்களுக்கு எதிரான குற்றமாகப் பதிவானவை 49. அங்கே நாகா மரபுச் சட்டப்படி நீதி வழங்கும் முறைக்கு அரசியல் சாசனத்தின் 371-ஏ பிரிவே பாதுகாப்பு தருகிறது. பல விவகாரங்கள் கிராம மன்றத்தில் முடிந்துவிடும், போலீஸ்வரை வராது. மிகக் குறைந்த எண்ணைப் பார்த்ததும் ‘முதலிடம்’ என்று கொண்டாடும் முன் இதையும் சொல்ல வேண்டும்.

சைபர் குற்றத்தில் இன்னொரு கோணல் இருக்கிறது. பணம் பறிகொடுத்தவர் பெங்களூரில் இருப்பார், பறித்தவர் ஜார்க்கண்டின் ஜாம்தாராவிலோ ஹரியானாவின் நூஹிலோ உட்கார்ந்திருப்பார். வழக்கு பெங்களூரின் கணக்கில் ஏறும். 2023-ல் நாடு முழுவதும் 86,420 சைபர் வழக்குகள். அதே ஆண்டில் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்துக்கு வந்த புகார்கள் 15 லட்சத்துக்கும் மேல். கர்நாடகமும் தெலங்கானாவும் பட்டியலில் மேலே இருப்பதற்கு, புகாரை வழக்காக மாற்ற அங்கே தனி ஏற்பாடு இருப்பதும் ஒரு காரணம்.

அப்படியானால் எல்லா ஊரும் ஒன்றுதான், வித்தியாசமே கிடையாது என்று சொல்கிறேனா? நிச்சயமாக இல்லை. வித்தியாசம் உண்டு, அது உயிர்போகும் வித்தியாசம். அதை நீங்கள் பார்ப்பதற்கு இந்தப் பட்டியல் இடைஞ்சலாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பிணத்தை மறைப்பது கடினம் என்பதால் கொலை எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். ‘சந்தேக மரணம்’ என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் போட்டு மூடியவை சில இருக்கும், ஆனாலும் மற்றதைவிட மேல். வாகனத் திருட்டையும் நம்பலாம், எஃப்.ஐ.ஆரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றும் இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது என்பதால் மக்கள் விடாமல் அலைந்து வாங்கிவிடுவார்கள். 2022-ல் லட்சம் பேருக்குக் கொலை விகிதம் ஜார்க்கண்டில் 4.0. பீகாரில் 2.3. நாட்டின் சராசரி 2.1. தமிழ்நாட்டில் 2.2, மொத்தம் 1,690 கொலைகள். கேரளத்தில் 0.9. ‘குற்றம் மலிந்த’ கேரளத்தைவிட நம் ஊரில் ஒருவர் கொலையாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். இதை எந்தத் தமிழ்ப் பத்திரிகையின் முதல் பக்கத்திலும் நான் பார்க்கவில்லை.

ஏன் என்று தேடினால் அங்கேதான் பிராந்தியக் காரணங்கள் உண்மையாகவே தெரியவரும். நாட்டில் அந்த ஆண்டு நடந்த 28,522 கொலைகளில் 9,962-க்குக் காரணம் தகராறு, 3,761-க்குப் பழிவாங்கல், ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. கொலைகாரர் என்றதும் நம் மனதில் வரும் முகமூடி ஆசாமி அரிது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, சொத்துப் பிரிவினை, டாஸ்மாக் வாசலில் தொடங்கிய வாய்ச்சண்டை, சாதி மாறிய காதல். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கொலைக்குப் பழியாக அடுத்த கொலை என்று ஆண்டுக்கணக்கில் தொடர்வதை உங்கள் நிருபர்கள் நன்றாக அறிவார்கள். வழக்கு பத்து ஆண்டு இழுத்து, சாட்சிகள் பிறழ்ந்து, எல்லோரும் விடுதலையானால், ‘கோர்ட் என்ன கொடுக்கிறது, நாமே கொடுப்போம்’ என்று அடுத்த தலைமுறைப் பையன்கள் அரிவாள் எடுக்கிறார்கள். சென்னையைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிய இடங்களில் கட்டப் பஞ்சாயத்தும் ரவுடிக் கும்பலும் சேர்ந்தே வளர்ந்தன. ஒரு மாவட்டத்துக்கும் அடுத்த மாவட்டத்துக்கும், ஒரு ஸ்டேஷன் எல்லைக்கும் அடுத்த எல்லைக்கும் இது மாறும். மாநில வாரியான ஒற்றை எண்ணில் இதில் எதுவும் தெரியாது.

இதையெல்லாம் காப்பகமும் மறைக்கவில்லை. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்றும், எண் கூடியதை வைத்துப் போலீஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவது தவறு என்றும் அறிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் செய்தியாக்குவதில்லை.

என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன், குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. கொலை, வாகனத் திருட்டு போன்ற நம்பத்தக்க எண்களை மாவட்டவாரியாக, பத்தாண்டுப் போக்கோடு போடுங்கள். பெண்கள் பற்றிய எண்ணைப் போடும்போதெல்லாம் குடும்பநல ஆய்வின் எண்ணையும் அதே பெட்டியில் போடுங்கள். ஒரு ஸ்டேஷனில் பதிவு திடீரென்று கூடினால், அங்கே புதிதாக வந்த அதிகாரி யார், என்ன மாற்றினார் என்று நிருபரை அனுப்பிக் கேளுங்கள். நல்ல காரணமாக இருந்தால் அவரைப் பாராட்டி எழுதுங்கள். பதிவு திடீரென்று குறைந்தால் இன்னும் அக்கறையாகப் போய்ப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுக்குப் பிறகு பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏறுகின்றன. அவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கும் சி.எஸ்.ஆர். எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், எந்த மாவட்டத்தில் எத்தனை புகார் ரசீதோடு நின்றுபோனது என்று தெரிந்துவிடும். ஒரு நல்ல நிருபரும் சில வாரங்களும் போதும்.

அப்புறம், அரசிடம் தொடர்ந்து ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1973 முதலும் இங்கிலாந்து, வேல்ஸில் 1982 முதலும், வீடு வீடாகப் போய் ‘அண்மைக் காலத்தில் உங்களிடம் ஏதாவது திருடப்பட்டதா, யாராவது தாக்கினார்களா, போலீஸுக்குப் போனீர்களா’ என்று கேட்டு ஆய்வு நடத்துகிறார்கள். போலீஸ் கணக்கையும் அந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால்தான் ஊர்களை ஒப்பிடவே முடியும். இந்தியாவில் 2017-ல் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு நான்கிலும் இப்படி ஓர் ஆய்வை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எஃப்.ஐ.ஆர்.வரை போகவில்லை என்று அதில் தெரிந்தது. அது தனியார் முயற்சி. அரசு நடத்தும் ஆண்டாய்வு நமக்கு இல்லை. குடும்பநலத்துக்கு வீடு வீடாகப் போகத் தெரிந்த அரசுக்கு இதற்கும் போகத் தெரியும். தமிழ்நாடு அரசே மாநில அளவில் தொடங்கலாம். அதைக் கேட்டு ஒரு தலையங்கமாவது எழுதுங்கள்.

அடுத்து வரும் அறிக்கைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அந்த ஆண்டின் பாதி வழக்குகள் பழைய பிரிவிலும் பாதி புதிய பிரிவிலும் இருக்கும். அதோடு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம், இணையவழியும் புகார் தரலாம் என்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதலில் 14 நாள் விசாரித்துப் பார்க்கவும் இடம் தருகிறது. ஒன்று எண்ணை ஏற்றும், மற்றது இறக்கும். எந்த மாநிலம் எதை அதிகம் பயன்படுத்துகிறதோ அதற்கேற்ப வரிசை கலையும். அந்தக் கலைந்த வரிசையை எடுத்து ‘முன்னேற்றம்’, ‘சரிவு’ என்று தலைப்பு போட்டுவிடாதீர்கள். அறிக்கை வந்த அன்றே செய்தி போட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு உண்டு என்று தெரியும். ஒருநாள் தள்ளிப் போடுங்கள். அந்த ஒருநாளில் நிருபர் ஒருவர் ஏதாவது ஒரு ஸ்டேஷனில், சாதாரண உடையில், புகார் மேசைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து வரட்டும்.

நம்பிக்கையுடன்,
உங்கள் வாசகர் ஒருவர்